ஓசையும் வெப்பமும் ஒன்றையொன்று வளர்க்கும்

விமான நிலையத்தை ஒட்டிய பொழிச்சலூரில், வானூர்தி கடக்கும்போதெல்லாம் தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டுவது எங்கள் வழக்கம். அதற்கொரு விலை உண்டு. ஒலியை 10 டெசிபல் உயர்த்த, ஆம்ப்ளிஃபயர் 10 மடங்கு மின்திறனை ஒலிபெருக்கிக்கு அளித்தாக வேண்டும். அதனால் கருவி சூடேறும். உள்விசிறி வேகமெடுத்து இரையும். அந்த இரைச்சலை மீறிக் கேட்க மீண்டும் ஒலியைக் கூட்டுவோம்.

வெப்பத்தால் முதலில் தளர்வது கருவியினுள் இருக்கும் எலக்ட்ரோலைட்டிக் மின்தேக்கி. வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் கூடினால் அதன் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது மின்னணுத் துறையின் பொதுக் கணக்கு. கத்திரி வெயிலில் அறையே தகிக்கும்போது, கண்ணாடிக் கதவிட்ட ஷோகேஸுக்குள் செட்-டாப் பாக்ஸைப் பூட்டி, அதன்மேல் பின்னல் விரிப்பும் போர்த்துவது அதன் ஆயுளைக் குறைப்பதேயாகும்.

வெப்பக்காற்று மேலெழும் இயல்புடையது. ஆகவே, ஷோகேஸின் பின்பலகையில் கீழே ஒரு திறப்பும் மேலே ஒரு திறப்பும் போதும்; காற்று தானே ஓடும். கருவிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாகாது. துளைகளில் படியும் தூசியை மாதந்தோறும் துடைக்க வேண்டும். விசிறி தேவையெனில், பெரியதை மெதுவாகச் சுழலவிடலாம். வேகம் பாதியானால் காற்றோட்டமும் பாதியாகும். ஓசையோ சுமார் 15 டெசிபல் குறையும்.

வானத்து இரைச்சல் நம் கையில் இல்லை. ஷோகேஸ் செய்யும் தச்சரிடம் இரண்டு திறப்புகள் கேட்பது நம் கையில்தான் இருக்கிறது. மின்னணுக் கழிவு பெருகும் இக்காலத்தில் அது சிறு செயலன்று.