விற்றமின் டீ குளிசை, ஆஸ்துமா பம்புக்குப் பதிலாகுமா?

கடந்த தவணையில் ஒருநாள், எனது தரம் 8 வகுப்பு மாணவன் ஒருவன் மூச்செடுக்க முடியாமல் மேசையில் சாய்ந்துவிட்டான். நெஞ்சில் விசில் போலச் சத்தம். பையில் பம்ப் இல்லை. முச்சக்கரவண்டியில் வைத்தியசாலைக்குக் கொண்டுபோய் மருந்துப் புகை பிடித்த பிறகுதான், அல்ஹம்துலில்லாஹ், நிலைமை சீரானது. ஓடி வந்த அவனது உம்மா அழுதுகொண்டே சொன்னார்: "விற்றமின் டீ குடுத்தா ஆஸ்துமா சுகமாகுமெண்டு வட்ஸ்அப்ல வந்திச்சி சேர். ரெண்டு மாசமா அந்தக் குளிசையத்தான் குடுக்கிறன். பம்ப நிப்பாட்டிட்டன்."

அந்தத் தாயை நான் குறை சொல்லமாட்டேன். அவருக்கு வந்த செய்தியில் பாதி உண்மை இருந்தது. நான் வைத்தியரல்லன், விஞ்ஞானம் கற்பிக்கும் ஆசிரியன். மறுபாதியைச் சொல்வது கடமை என்பதால் எழுதுகிறேன்.

வெயில் பட்டால் நமது தோல் விற்றமின் டீயை உருவாக்குகிறது. ஈரலும் சிறுநீரகமும் அதைச் செயற்படும் வடிவத்துக்கு மாற்றுகின்றன. எலும்புக்கு மட்டுமல்ல, சுவாசக் குழாயின் உட்சுவருக்கும் நோய் எதிர்ப்புக் கலங்களுக்கும் அது தேவை. கிருமிகளைத் தாக்கும் புரதங்களை உருவாக்கவும் வீக்கத்தைத் தணிக்கவும் அது உதவுகிறது. தடிமன், காய்ச்சல் வைரசுகளே பெரும்பாலும் ஆஸ்துமாவைக் கிளப்பிவிடுகின்றன. எனவேதான் ஆய்வாளர்கள் இதில் நம்பிக்கை வைத்தார்கள்.

ஆஸ்துமா உள்ளவர்கள் பலரிடம் இந்த விற்றமின் குறைவாக இருப்பதும் உண்மை. ஆனால் இழுப்புக்குப் பயந்து வீட்டுக்குள்ளேயே இருக்கும் பிள்ளைக்கு வெயில் எங்கே கிடைக்கும்? குறைபாடு நோயின் காரணமா, விளைவா என்ற கேள்வி அங்கே எழுகிறது.

2016இல் பல பரிசோதனைகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த கொக்ரேன் மீளாய்வு, விற்றமின் டீ கடுமையான இழுப்பைக் குறைக்கலாம் என்றது. வட்ஸ்அப்பில் சுற்றுவது இந்தப் பாதிதான். 2020இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், விற்றமின் குறைபாடுள்ள 192 ஆஸ்துமாப் பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்குத் தினமும் 4,000 அலகு கொடுத்தும், கடும் இழுப்பு வருவது குறையவில்லை. 2023இல் மேலும் பல ஆய்வுகளைச் சேர்த்துப் புதுப்பிக்கப்பட்ட கொக்ரேன் மீளாய்வும் முந்தைய பயனைக் காணவில்லை. ஒன்றைக் கவனியுங்கள்: அந்த 192 பிள்ளைகளும் தடுப்புப் பம்பைப் பாவித்துக்கொண்டே இருந்தார்கள். பம்பை நிறுத்திவிட்டு விற்றமின் கொடுக்கும்படி அந்த ஆய்வு சொல்லவில்லை.

அப்படியானால் விற்றமின் டீ வேண்டாமா? வேண்டும். வெயில் நிறைந்த நம் நாட்டிலும் குறைபாடு இருக்கிறது. கண்ணாடி யன்னலூடாக வரும் வெயில் இதற்கு உதவாது. முழுமையாக மூடி ஆடை அணியும் நம் பெண்கள், மறைவான வீட்டு முற்றத்தில் கை கால்களில் சற்று வெயில் படவிடலாம். மீன், டின்மீன், முட்டை மஞ்சட்கரு ஆகியவற்றிலும் இது உண்டு. குறைபாடு இருக்கிறதா என்பதை இரத்தப் பரிசோதனை காட்டும். தானாக வாங்கி அளவுக்கு மீறிக் கொடுத்தால் இரத்தத்தில் கல்சியம் கூடி வாந்தி வரும், சிறுநீரகமும் பாதிக்கப்படும்.

நீலப் பம்ப் இழுப்பு வரும்போது குழாயை விரிப்பது. தினமும் இழுக்கும் தடுப்புப் பம்ப், உள்ளிருக்கும் வீக்கத்தை அடக்குவது. பிள்ளை சுகமாக இருப்பதே அந்தப் பம்பினால்தான். சுகமாகிவிட்டதே என்று நாமாக அதை நிறுத்தக் கூடாது.

இப்போது அந்த மாணவனின் பையில் நீலப் பம்ப் இருக்கிறது. உங்கள் பிள்ளையின் பையையும் இன்றிரவு ஒருமுறை திறந்து பாருங்கள்.