மழைநீரும் மண்ணும்

தில்லியின் மேற்கே உள்ள ஜனக்புரியில் ஒரு மணி நேரம் பலத்த மழை பெய்தால், தாழ்வான சாலைகளில் நீர் முழங்கால் அளவு தேங்கிவிடுகிறது. மழை மிகுதியாகப் பெய்ததே இதற்குக் காரணம் என்று பலரும் கருதுவர். ஆனால் அந்த மழை எத்தகைய நிலத்தின்மீது விழுகிறது என்பதும் அதே அளவு முக்கியமானது.

மண்ணில் விழும் மழைநீரின் ஒரு பகுதி உள்ளே இறங்குகிறது. ஒரு பகுதி ஆவியாகிறது. எஞ்சியது மேற்பரப்பில் வழிந்தோடுகிறது. மணற்பாங்கான மண்ணில் துகள்களுக்கு இடையே பெரிய இடைவெளிகள் உள்ளமையால் நீர் விரைந்து இறங்கும். களிமண்ணின் துகள்கள் மிக நுண்ணியவை. அங்கு நீர் மெல்லவே இறங்கும். புல்வேர்களும் மண்புழுக்களும் மண்ணைத் துளைத்து நீருக்கு வழி செய்கின்றன. அதே மண்ணின்மீது கனரக வண்டிகள் ஓடினால் அத்துளைகள் நசுங்கி, நிலம் இறுகிவிடும். அதனால், கட்டடம் எழுந்தபின் எஞ்சியிருக்கும் வெற்றிடமும் பழைய வயலைப் போல நீரை உறிஞ்சுவதில்லை.

ஓர் ஆற்றுக்கோ கால்வாய்க்கோ நீர் வந்து சேரும் நிலப்பரப்பு முழுவதும் அதன் வடிநிலம் எனப்படும். ஜனக்புரி, நஜஃப்கர் கால்வாயின் வடிநிலத்தில் அமைந்துள்ளது. இராஜஸ்தானின் ஆரவல்லி மலைப்பகுதியில் தோன்றும் சாகிபி ஆறு, அரியானா வழியாகத் தான்சா அருகே தில்லிக்குள் நுழைகிறது. முற்காலத்தில் அதன் வெள்ளம் நஜஃப்கர் ஏரியில் பரந்து தங்கியது. ஆங்கிலேயர் ஆட்சியில், 19-ஆம் நூற்றாண்டில், கால்வாய் வெட்டி அவ்வேரியின் நீரை யமுனைக்கு வடித்தனர். தான்சாவிலிருந்து வசீராபாத் வரை ஏறத்தாழ 57 கிலோமீட்டர் நீளும் அக்கால்வாயை இன்று மக்கள் வெறும் சாக்கடையாகவே அறிவர். அது ஓர் ஆற்றின் வழி என்பது மறந்தே போயிற்று. 1977-இல் சாகிபியில் வெள்ளம் பெருகியபோது, தான்சாவுக்கும் பாரத் நகருக்கும் இடையே அதன் கரை ஆறு இடங்களில் உடைந்தது. நஜஃப்கர் வட்டாரச் சிற்றூர்கள் பல நீரில் மூழ்கின.

தில்லி வளர்ச்சி ஆணையம் வயல்வெளிகளைக் கையகப்படுத்தி ஜனக்புரியை உருவாக்கியது. தொடக்கத்தில் பல வீடுகளின் முன்புறம் சிறு புல்தரை இருந்தது. பின்னர் வீடுகள் இடிக்கப்பட்டு, கீழே வண்டி நிறுத்துமிடத்துடன் அடுக்குத் தளங்கள் எழுந்தன. புல்தரை இருந்த இடத்தில் ஓடு பதிக்கப்பட்டது.

இதனால் என்ன நேர்கிறது என்பதை ஒரு சிறு கணக்கு காட்டும். 200 சதுர மீட்டர் மனையில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால், அங்கு விழும் நீர் 10,000 லிட்டர். ஏறத்தாழ ஒரு லாரித் தண்ணீர். மணற்பாங்கான புல்வெளியாயின் அதில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 2,000 லிட்டர் வழிந்தோடும் எனக் கொள்ளலாம். முழுவதும் காரை பூசிய மனையாயின் 9,000 லிட்டர் தெருவுக்கு வந்துவிடும். வழவழப்பான தரையும் குழாய்களும் நீரின் வேகத்தைக் கூட்டுவதால், ஆயிரக்கணக்கான மனைகளின் நீர் ஒரே நேரத்தில் வடிகாலை அடைகிறது. கால்வாயில் ஏற்கெனவே நீர் மட்டம் உயர்ந்திருந்தால், தெருவின் நீர் அதில் சேர வழியின்றி அங்கேயே நிற்கிறது. மண்ணுக்குள் இறங்க வேண்டிய நீர் குறைவதால், கோடையில் நிலத்தடி நீரும் தாழ்கிறது. மழைக்காலத்தில் மிதக்கும் அதே தெரு, மே மாதத்தில் தண்ணீர் லாரிக்குக் காத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நடைபாதை மரங்களின் அடிவரை காரை பூசும் வழக்கமும் தில்லியில் பரவியிருந்தது. மரங்களைச் சுற்றி ஒரு மீட்டர் அளவுக்குக் காரையை அகற்ற வேண்டும் எனத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-இல் ஆணையிட்டது. மரத்தைக் காக்க வந்த அவ்வாணை, மழைநீர் இறங்கவும் இடம் தந்தது. தமிழ்நாட்டில் 2003-இல் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. கூரைநீரைக் குழாய் வழியே கொணர்ந்து, கூழாங்கல்லும் மணலும் நிரப்பிய குழியில் விடுவதே அதன் எளிய முறை. ஆயினும் இலைச்சருகும் நுண்மண்ணும் படிந்தால் குழியின் துளைகள் அடைபட்டுவிடும். தில்லியில் பருவமழை பெரும்பாலும் சூன் இறுதியில் தொடங்குவதால், அதற்கு முன்னரே மேல்மணலை அள்ளிக் கழுவி மீண்டும் இட வேண்டும்.