ஜீப் வண்டிக்குப் புதிய உடல்

கரூரில் பேருந்துகளுக்கும் நாமக்கல்லில் லாரிகளுக்கும் ‘பாடி கட்டுகிறார்கள்’ என்று நாம் சொல்வதுண்டு. தொழிற்சாலையிலிருந்து வருவது அடிச்சட்டமும் எஞ்சினும் சக்கரங்களுமே. அவற்றின் மேல் கூடு கட்டித் தருவது பட்டறை. இந்தக் கலையை ஒரு நகரம் முழுவதும் தேவையின் நெருக்கடியால் கற்றுக்கொண்ட வரலாறு ஒன்று உண்டு. நகரம், பிலிப்பைன்ஸ் நாட்டின் மணிலா. அவர்கள் கை வைத்த வண்டி, காட்டிலும் மேட்டிலும் ஓடுவதற்கென்று அமெரிக்கப் படைக்காகச் செய்யப்பட்ட ஜீப்.

1945-ஆம் ஆண்டு பிப்ரவரியிலும் மார்ச் தொடக்கத்திலும் மணிலாவில் நடந்த போரில் ஏறக்குறைய 1 லட்சம் பொதுமக்கள் மாண்டார்கள். ஊர் இடிந்தது, டிராம் போக்குவரத்தும் அழிந்தது. உயிர் பிழைத்தவர்கள் வேலைக்கும் சந்தைக்கும் போகவேண்டுமே, எதில் போவது? அமெரிக்கப் படையினர் தங்களுக்கு மிகுதியாகிவிட்ட ஜீப்புகளை விற்றும் கொடுத்தும் சென்றார்கள். மக்கள் அவற்றைப் பட்டறைக்கு ஓட்டிச் சென்றார்கள். தலைக்கு மேல் ஒரு கூரை, பின்புறத்தில் எதிரெதிராக இரண்டு நீண்ட பலகைகள், ஏறி இறங்கப் பின்பக்கம் ஒரு திறப்பு. பிறந்தது ‘ஜீப்னி’.

இதை அவர்கள் எளிதாகச் செய்ய முடிந்ததற்கு ஜீப்பின் அமைப்பே காரணம். இன்றைய சிறு கார்கள் பலவற்றில் தகட்டுக் கூடே பாரத்தைத் தாங்குகிறது. அதில் ஒரு தூணை அறுத்தால் வண்டியே தளர்ந்துவிடும். ஜீப்பில் அப்படியில்லை. ஏணியைப் போன்ற ஓர் இரும்புச் சட்டம் தரையோடு ஒட்டி ஓடுகிறது. எஞ்சினும் அச்சுகளும் அதைத்தான் பற்றியிருக்கின்றன. மேலே இருப்பது தொட்டி போன்ற ஒரு தகட்டுக் கூடு. திருகாணிகளைக் கழற்றினால் அதைத் தூக்கி வைத்துவிடலாம். சம்மட்டியும் வெட்டிரும்பும் உடையவன் அந்தத் தொட்டியை எப்படி வேண்டுமானாலும் மாற்றலாம்.

ஆனால் சட்டத்தைத் தொடும்போதுதான் பௌதிகம் குறுக்கே வந்து நிற்கிறது. போர்க்கால வில்லிஸ் ஜீப்பின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 80 அங்குலம்தான். வண்டியின் எடை ஏறக்குறைய 1,100 கிலோகிராம்; அது சுமக்க வேண்டிய பாரம் கால் டன் என்று வகுத்திருந்தார்கள். சட்டத்தை நீட்டாமல் கூட்டை மட்டும் பின்புறம் நீட்டிப் பத்துப் பேரை உட்கார வைத்தால் என்ன ஆகும்? கணக்கிட்டுப் பார்ப்போம். ஆளுக்கு 60 கிலோ, மொத்தம் 600 கிலோ. பின் அச்சுக்கு அப்பால் சராசரி 40 அங்குலத்தில் அந்தப் பாரம் அழுத்துகிறது என்று கொள்வோம். சிறுவர்கள் ஆடும் ஏற்றப் பலகையின் கணக்கேதான் இது. 600-ஐ 40-ஆல் பெருக்கி 80-ஆல் வகுத்தால் 300. முன் சக்கரங்களின் மேலிருந்து 300 கிலோ எடை பறிபோகிறது! வெறும் வண்டியின் எடையில் பாதியை, அதாவது 550 கிலோவை, அவை தாங்கி வந்ததாக வைத்துக்கொண்டால், மிஞ்சுவது 250. முன் சக்கரம் தரையை அழுத்திப் பிடிக்காவிட்டால் ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் வண்டி திரும்ப மறுக்கும். ஆகவே கூட்டை நீட்டுபவன் சட்டத்தையும் நீட்டிப் பின் அச்சைப் பயணிகளுக்குக் கீழே கொண்டுபோக வேண்டும்.

நீட்டினால் மற்றொரு தொல்லை. என் வகுப்பில் நான் ஒரு மர அடிக்கோலை மேசை விளிம்பில் அழுத்திப் பிடித்து, 10 சென்டிமீட்டர் வெளியே நீட்டி, நுனியில் ஓர் எடையைத் தொங்கவிட்டுக் காட்டுவேன். பிறகு 20 சென்டிமீட்டர் நீட்டி அதே எடையைத் தொங்கவிடுவேன். வளைவு இரண்டு மடங்கு ஆகுமென்றே பெரும்பாலான மாணவர்கள் நினைக்கிறார்கள். ஆவதோ எட்டு மடங்கு. நீளமான சட்டம் ஏன் கனமாகவும் இருக்கவேண்டும் என்பது அப்போது விளங்கிவிடும்.

சட்டத்தை ஒட்டுவதிலும் முறை உண்டு. நேர் குறுக்காக வெட்டி நேர் குறுக்காகப் பற்றவைத்தால் பலவீனம் முழுவதும் ஒரே கோட்டில் சேர்ந்துவிடும். சூட்டினால் தன்மை மாறிய இரும்பும் அதன் ஓரத்திலேயே இருக்கும். அதனால் சாய்வாக வெட்டி ஒட்டுவார்கள். மேலே வைக்கும் ஒட்டுத் தகட்டின் முனைகளையும் சாய்சதுர வடிவில் கூர்மையாக்குவார்கள். துளையிட நேர்ந்தால் சட்டத்தின் மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் விட்டு நடுவில் இடுவார்கள். வளையும் சட்டத்தில் ஒரு விளிம்பு இழுபடுகிறது, மறு விளிம்பு நசுங்குகிறது. நடுவே இழுப்பும் நசுக்கும் மிகக் குறைவு.

மணிலாப் பட்டறைக்காரர்களில் பலர் இதையெல்லாம் புத்தகத்தில் படித்தவர்களல்லர். லியோனார்டோ சராவோ என்பவர் குதிரை வண்டி ஓட்டியவர். 1953-இல் லாஸ் பின்யாஸ் என்னும் ஊரில் பட்டறை தொடங்கி, ஜீப்னிக்கே தம் பெயர் மறுபெயராகும் அளவுக்கு உயர்ந்தார். துத்தநாகம் பூசிய தகட்டைக் கையால் அடித்து வளைத்துக் கூடு செய்தார்கள். பிற்காலத்தில் துருப்பிடிக்காத எஃகும் வந்தது. பழைய ஜீப்புகள் தீர்ந்தபின் முகத்தை மட்டும் ஜீப்பைப்போல் செய்து, ஜப்பானிலிருந்து வந்த பழைய டீசல் எஞ்சினை உள்ளே வைத்தார்கள். பத்துப் பேர் ஏறிய வண்டியில் இருபது பேர் ஏறலாயிற்று. எஞ்சின் மூடியின் மேல் சிறு உலோகக் குதிரைகள் நிற்பதைப் படங்களில் பார்க்கலாம். கூட்டின் அழகைவிட எனக்கு அந்தக் குதிரைகளைத்தான் பிடிக்கும்.

அழகில் செலுத்திய கவனத்தைப் பிரேக்கிலும் எல்லாரும் செலுத்தினார்கள் என்று சொல்வதற்கில்லை. பாரத்தோடு சேர்ந்த மொத்த எடை இரு மடங்கானால், அதே வேகத்தில் ஓடும் வண்டியை நிறுத்தப் பிரேக்குகள் விழுங்கவேண்டிய ஆற்றலும் இரு மடங்காகும். கமான் பட்டைகளை அடுக்கிக் கூட்டினால் வண்டி தாழாது நிற்கும்; அதைக் கண்டு வண்டி வலுப்பெற்றதென்று நினைப்பது ஏமாற்றமே. பட்டை தாங்குவதால் பிரேக் தாங்கிவிடாது.

2017-இல் பிலிப்பைன்ஸ் அரசு பழைய ஜீப்னிகளை விலக்கிப் புகை குறைந்த வண்டிகளைக் கொண்டுவரும் திட்டத்தைத் தொடங்கியது. தனித்தனி உரிமையாளர்கள் கூட்டுறவுச் சங்கமாகவோ நிறுவனமாகவோ சேர வேண்டுமென்று 2024 ஏப்ரல் 30-ஐக் கடைசி நாளாக வைத்தார்கள். புதிய வண்டிகளில் பலவற்றின் விலை 20 லட்சம் பெசோவைத் தாண்டியது. அன்றாடக் கூலியில் வாழும் ஓட்டுநர் அந்தக் கடனை எப்படி அடைப்பார்? வேலைநிறுத்தங்கள் நடந்தன. புகையையும் பழுதான பிரேக்கையும் நான் ஆதரிக்கவில்லை. ஆனால் அவற்றுக்காகக் கையால் கட்டிய கூட்டைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமாகத் தோன்றவில்லை. சோதிக்க வேண்டியவை சட்டமும் எஞ்சினும் பிரேக்கும்.

உள்ளூர்ப் பட்டறைகள் சில இதற்கு விடை தேடியிருக்கின்றன. புதிய எஞ்சின், நிமிர்ந்து நிற்கும் உயரமுள்ள கூரை, பின்புறத்துக்குப் பதிலாக நடைபாதைப் பக்கம் திறக்கும் வாசல். முன்னால் மட்டும் அந்தப் பழைய ஜீப் முகம்.