பஞ்சும் பருத்திமாரும்: மாட்டுங்கா ஆராய்ச்சிகள்

மும்பையில் மாட்டுங்கா என்றதும் தென்னாட்டார் குடியிருப்புகளும் கோயில்களும் உணவு விடுதிகளுமே பலருக்கு நினைவில் எழும். அதே பகுதியில் பருத்திக்கென்றே அமைந்த ஒரு விஞ்ஞான நிலையம் நூறாண்டு கடந்து பணிபுரிந்து வருகிறது. 1924-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற அந்தச் சோதனைச்சாலை, 1966-இல் இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகத்தின் பொறுப்பில் வந்தது. 1991-இல் மத்திய பருத்தித் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் என்னும் பெயரைப் பெற்றது.

புதிய பருத்தி இனத்தை உண்டாக்குபவருக்குத் தொடக்கத்தில் கிடைப்பது கைப்பிடி அளவு பஞ்சே. அது ஆலையில் நூலாகுமா என்பதை அறியாமல் அந்த இனத்தைப் பரப்பினால் விவசாயிக்கு நஷ்டம் நேரலாம். ஆகவே, சிறிதளவு பஞ்சிலேயே இழையின் நீளம், நுண்மை, வலிமை ஆகியவற்றை அளந்து, நூற்றுப் பார்த்துத் தரத்தைக் கூறுவதே இந்நிலையத்தின் முதற்பணியாயிற்று.

பஞ்சு எடுத்தபின் வயலில் எஞ்சுவது பருத்திமார். எக்டேருக்குச் சுமார் 2 முதல் 3 டன் வரை கிடைக்கும் இதில் பெரும்பகுதி எரிக்கப்படுகிறது. எரித்தால் புகை, எரிக்காமல் குவித்து வைத்தாலோ, உதிராத காய்களில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு தங்கி அடுத்த பயிரைத் தாக்கும். இந்த இக்கட்டுக்கு ஒரு வழியாக, மாரைச் சிறு துண்டுகளாக நறுக்கி, செயற்கைப் பசையுடன் கலந்து, வெப்பத்தில் அழுத்திப் பலகையாக்கும் முறையை இந்நிலையத்தார் வகுத்தனர். மாரின் இயல்பு மரத்தை ஒத்திருப்பதே இதனைச் சாத்தியமாக்குகிறது.

அண்மைக்கால முயற்சி இன்னும் நுட்பமானது. பருத்தி இழையில் 90 சதவீதத்துக்கு மேற்பட்டது செல்லுலோஸ் என்னும் பொருளாகும். ஒவ்வோர் இழையும் எண்ணற்ற நுண்ணிழைகள் சேர்ந்த கட்டு. நூற்பதற்கு உதவாத குட்டைப் பஞ்சை ரசாயனங்களாலோ நொதிகளாலோ பக்குவப்படுத்தி, பின்னர் இயந்திரங்களில் அரைத்துப் பிரித்தால் நானோ செல்லுலோஸ் கிடைக்கும். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். தலைமயிரின் தடிமன் ஏறத்தாழ 80,000 நானோமீட்டர். இந்த நுண்ணிழையின் தடிமனோ 100-க்கும் குறைவு. காகிதத்திலும் பிளாஸ்டிக்கிலும் சிறிதளவு சேர்த்தாலே அவை உறுதி பெறுகின்றன. இதற்கான முன்னோடி ஆலை மாட்டுங்காவில் 2015-இல் நிறுவப்பட்டது.

எனினும், நுண்ணிழைகளைப் பிரிப்பதற்கு மின்சக்தி மிகுதியாகச் செலவாகிறது. அச்செலவு குறையுமளவுக்கே இதன் உபயோகம் பெருகும். பலகைத் தொழிலிலும், பருமன் மிகுந்து எடை குறைந்த மாரை வயல்களிலிருந்து திரட்டி ஆலைக்குக் கொண்டு செல்வதே பெருஞ்செலவு. எனவே, ஆலை வயலுக்கு அருகில் அமைவது நன்று.

ஆசிரியர்கள் ஒரு காகிதத்தைக் கிழித்து, அதன் விளிம்பை உருப்பெருக்கிக் கண்ணாடியில் மாணவர்களுக்குக் காட்டலாம். அங்கே நீட்டி நிற்பவை செல்லுலோஸ் இழைகளே. களப்பணியாளர் விவசாயிக்கு உணர்த்த வேண்டுவது வேறொன்று: மாரை வாங்குவோர் அருகில் உள்ளனரா என்பதை அறுவடைக்கு முன்பே விசாரித்தறிதல் வேண்டும். இருப்பின், மாரைக் காலத்தில் அகற்றுவதால் பூச்சியும் குறையும்; கையில் காசும் சேரும்.