கீசர், வயரிங், மோட்டார்... வாடகை வீட்டு ரிப்பேர் யார் செலவு?

பூந்தமல்லியை அடுத்த பாரிவாக்கத்தில் வீடு வாங்கி வாடகைக்கு விடுபவர்களும், அங்கே குடியேறும் இளம் குடும்பங்களும் முட்டிக்கொள்ளும் இடம் ரிப்பேர் செலவு. 'கீசர் போச்சு சார்' என்றால், 'நீங்கதானே யூஸ் பண்றீங்க?' என்பார் ஓனர்.

கீசரைப் பொறுத்தவரை சட்டம் ஓனர் பக்கம்தான். 2019 பிப்ரவரி 22 முதல் அமலில் உள்ள தமிழ்நாடு வாடகைச் சட்டத்தின் இரண்டாவது அட்டவணைப்படி கீசர், சுவிட்ச், குழாய் வாஷர், சாக்கடை அடைப்பு எல்லாம் குடியிருப்பவர் செலவு. வயரிங், பைப் மாற்றுவது, கட்டடப் பழுது, வெள்ளையடிப்பது உரிமையாளர் பொறுப்பு.

சிக்கலே இங்கேதான். 2,000 வாட் கீசர் சுமார் 9 ஆம்பியர் இழுக்கும். பழைய மெல்லிய வயர் அதைத் தாங்காமல் சூடாகும். எரிந்தது காயிலா, வயரா என்று எலக்ட்ரீஷியனிடம் கேட்ட பிறகு சண்டை போடலாம்.

வயர்தான் என்று தெரிந்தும் ஓனர் அசையவில்லையா? குடியிருப்பவரே சரிசெய்து வாடகையில் கழிக்கலாம். ஆனால் ஒரு மாதத்தில் பாதி வாடகைக்கு மேல் கழிக்க முடியாது. முன்கூட்டியே வாட்ஸ்அப்பிலாவது எழுதிச் சொல்லி, பில்லைப் பத்திரப்படுத்துங்கள். குடியிருப்பவர் தன் பங்கைச் செய்யாவிட்டால், ஓனரும் அட்வான்ஸில் பிடிக்கலாம்.

பெரிய தலைவலி, நாலு குடித்தனத்துக்கு ஒரே போர்வெல் மோட்டார். ரீவைண்டிங் செலவு யாருடையது என்று ஒப்பந்தத்திலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள், கையெழுத்துப் போடும் முன்பே.