கிளப்பில் சேருமுன் ஐந்தொகையைக் கேளுங்கள்

ஏலக்காய்க்கு நல்ல விலை கிடைக்கும் ஆண்டுகளில் நம் பள்ளத்தாக்கில் சில மாற்றங்கள் தவறாமல் தென்படும். பழைய கடன் அடையும். கடைக்கு மேல் மாடி எழும்பும். 2019 ஆகஸ்டில் ஒரு கிலோ ஏலக்காய் 7,000 ரூபாய் வரை ஏலம் போனபோதும் இப்படித்தான். கையில் நாலு காசு புரளும் அத்தகைய சமயத்தில் இன்னொரு யோசனையும் வரும்: "நாமும் ஒரு நல்ல கிளப்பில் உறுப்பினராகிவிட்டால் என்ன?"

இதில் தவறு ஒன்றும் இல்லை. விடியற்காலை முதல் இரவு வரை கல்லாவிலேயே உட்கார்ந்திருக்கும் வணிகருக்கு நடையும் விளையாட்டும் மிக அவசியம். கோல்ப் விளையாட்டில் 18 குழிகளையும் சுற்றி வர ஏழெட்டு கிலோமீட்டர் நடக்க வேண்டியிருக்கும். அறுபது வயதிலும் ஆடலாம். வெளியூர் வணிகர், எஸ்டேட்காரர், வங்கி அதிகாரி எனப் பலருடைய பழக்கமும் கிடைக்கும். ஆனால் காசோலையில் கையெழுத்துப் போடுமுன் நம் வணிகப் பெருமக்கள் சில விஷயங்களைத் தெரிந்துகொள்வது நல்லது.

மலைமேல் உள்ள மைதானங்கள்

நமக்குப் பக்கத்தில் உள்ள கோல்ப் மைதானங்கள் மலைமேல்தான் இருக்கின்றன. கொடைக்கானல் கோல்ப் கிளப் 1895-ல் தொடங்கியது. 18 குழிகள் கொண்டது. அன்று கொடைக்கானலுக்கு மோட்டார் சாலை கிடையாது. பெரியகுளம் பக்கத்தில் கிருஷ்ணமநாயக்கன் தோப்பு வரை வண்டியில் வந்து, அங்கிருந்து குதிரையிலோ டோலியிலோ கால்நடையாகவோ மலை ஏறினார்கள். போடிமெட்டு வழியாக ஏறினால் மூணாறில் தேயிலைத் தோட்டத் துரைமார்கள் ஏற்படுத்திய ஹை ரேஞ்ச் கிளப் இருக்கிறது. அங்கு ஒன்பது குழி மைதானம். இந்தியாவிலேயே பழமையானது 1829-ல் தொடங்கிய கல்கத்தா ராயல் கோல்ப் கிளப்.

வெள்ளையர் காலத்தில் பல கிளப்புகளில் நம்மவர்களுக்கு இடமில்லை. சென்னையில் 1873-ல் காஸ்மாபாலிட்டன் கிளப் தோன்றியதற்கு அதுவும் ஒரு காரணம். இன்று அந்தக் கதவுகள் திறந்துவிட்டன. உள்ளே போனபின் நம் பொறுப்பு என்ன என்பதே இப்போதைய கேள்வி.

வாடிக்கையாளரா, பங்காளியா?

ஓட்டலில் அறை எடுத்தால் நாம் வாடிக்கையாளர். காசு கொடுத்தோம், தங்கினோம், வந்தோம். ஓட்டல் நஷ்டத்தில் ஓடினால் அது முதலாளியின் கவலை. உறுப்பினர்களே நடத்தும் கிளப் அப்படி அல்ல. அங்கே முதலாளி என்று தனியாக யாரும் கிடையாது. சேர்ந்த அன்றே நாமும் ஒரு பங்காளி. துண்டு விழுந்தால் கூடுதல் சந்தாவாகவோ சிறப்பு வசூலாகவோ அது நம் தலையில்தான் வந்து விடியும்.

நம் மக்களுக்கு இது புதிதல்ல. மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை எடுத்துப் பேட்டையும் பள்ளிக்கூடமும் கண்ட ஊர்கள் நம்முடையவை. விருதுநகரில் 1889-ல் க்ஷத்ரிய வித்யாசாலை எழுந்தது இப்படிச் சேர்ந்த பொதுப்பணத்தில்தான். மகமை கொடுத்தவர் கணக்குக் கேட்பார், கணக்கும் சொல்லப்படும். அதே உரிமையை கிளப்பிலும் கேட்க வேண்டும். தனியார் கம்பெனி நடத்தும் ரிசார்ட்டின் 'உறுப்பினர் அட்டை' என்றால் அது வேறு சரக்கு. அங்கே நாம் வெறும் வாடிக்கையாளர்தான். எது என்று முதலிலேயே கேட்டுத் தெளிவது நல்லது.

வரவும் செலவும்

கிளப்பின் வரவு பெரும்பாலும் நான்கு வகை: ஒரே முறை கட்டும் நுழைவுக் கட்டணம், மாதச் சந்தா, விருந்தினரிடம் வாங்கும் ஆட்டக் கட்டணம், உணவு விடுதி வருமானம். செலவில் பெரும் பங்கு புல்லுக்கே போகும். தண்ணீர், உரம், புல் வெட்டும் இயந்திரம், ஆள் சம்பளம் எல்லாம் ஆட்டம் நடந்தாலும் நடக்காவிட்டாலும் ஓடிக்கொண்டே இருக்கும்.

உதாரணத்துக்கு ஒரு கணக்குப் போடுவோம். ஒரு கிளப்பில் 400 பேர். மாதச் சந்தா 1,500 ரூபாய். ஆண்டுக்கு 72 லட்சம். மற்ற வரவுகள் 8 லட்சம் சேர்த்து மொத்தம் 80 லட்சம். நடப்புச் செலவு 98 லட்சம். துண்டு விழுவது 18 லட்சம். நிர்வாகம் என்ன செய்யும்? தலைக்கு 2 லட்சம் நுழைவுக் கட்டணத்தில் ஒன்பது புதிய உறுப்பினர்களைச் சேர்க்கும். ஐந்தொகை அழகாக இருக்கும். ஆனால் அடுத்த ஆண்டும் ஒன்பது பேர் வேண்டும். அதற்கடுத்த ஆண்டு விலைவாசி ஏறியிருக்கும், பன்னிரண்டு பேர் வேண்டும். முதலை எடுத்து வாடகை கொடுக்கும் கடை எத்தனை நாள் நிற்கும் என்பது நமக்குத் தெரியாததா?

ஆளைச் சேர்த்துக்கொண்டே போகவும் முடியாது. நான்கு பேர் கொண்ட அணியாகப் பத்து நிமிடத்துக்கு ஓர் அணி இறங்கினால் மணிக்கு 24 பேர்தான் ஆட முடியும். காலை ஆறு முதல் ஒன்பது வரை 72 பேர். ஒன்பது குழி மைதானத்தில் இன்னும் குறைவு. முதல் அணி இரண்டு மணி நேரத்தில் இரண்டாம் சுற்றுக்குத் திரும்பி வந்துவிடும். ஆகவே உறுப்பினர் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு உண்டா என்று கேளுங்கள். ஜப்பானில் இபராக்கி என்ற இடத்தில் சுமார் 2,800 பேருக்கு மட்டும் என்று சொல்லிவிட்டு 50,000-க்கும் மேற்பட்ட உறுப்பினர் உரிமைகளை விற்ற மோசடி 1991-ல் அம்பலமானது.

திரும்பி வராத வைப்புத்தொகை

அதே ஜப்பானில் இன்னொரு பாடமும் இருக்கிறது. 1980-களில் அங்கே கிளப்புகள் பெருந்தொகையை வைப்பாக வாங்கின. பத்து ஆண்டு போல் கழிந்தபின் கேட்டால் திருப்பித் தருவதாக ஒப்பந்தம். அந்தப் பணத்தை மைதானம் அமைப்பதில் போட்டார்கள். 1990-களில் நிலவிலை சரிந்தது, உறுப்பினர் உரிமையின் சந்தை விலையும் சரிந்தது. எல்லோரும் ஒரே சமயத்தில் வைப்பைத் திருப்பிக் கேட்டபோது கொடுக்கப் பணம் இல்லை. ஏராளமான கிளப்புகள் திவாலாயின. திருப்பித் தரப்படும் என்று அச்சிட்டிருந்தால் மட்டும் போதாது. அந்தப் பணம் இப்போது எங்கே இருக்கிறது என்பதே கேள்வி.

காத்திருப்போர் பட்டியலில் பெயர் பதியப் பணம் கேட்டாலும் எச்சரிக்கை தேவை. டெல்லி ஜிம்கானா கிளப்பில் விண்ணப்பித்தவர்கள் பல பத்தாண்டுகள் காத்திருந்தார்கள். நிர்வாகச் சீர்கேடு என்று 2020-ல் மத்திய அரசே கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போனது. 2022 ஏப்ரலில் நிர்வாகத்தை நடத்த அரசு 15 பேரை நியமிக்கலாம் என்று தீர்ப்பாயம் உத்தரவிட்டது.

நிலம் யாருடையது என்பதையும் கேளுங்கள். சென்னை கிண்டியில் பந்தயத் திடல் இருந்த 160 ஏக்கர் அரசு நிலம் 1946 முதல் 99 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டிருந்தது. ஆண்டு வாடகை 614 ரூபாய் சில்லறை. உயர்த்திய வாடகையில் 730 கோடிக்கு மேல் பாக்கி என்று 2023-ல் உயர் நீதிமன்றம் வரை வழக்கு நடந்தது. 2024 செப்டம்பரில் அரசு குத்தகையை ரத்து செய்து இடத்துக்குப் பூட்டுப் போட்டது. அந்தத் திடலுக்குள்தான் மெட்ராஸ் ஜிம்கானா கிளப்பின் கோல்ப் மைதானமும் இருந்தது. மைதானம் பச்சைப் பசேல் என்று இருக்கலாம், பட்டா யார் பெயரில் என்று பார்ப்பது வணிகன் வேலை.

வரி விவகாரம்

ஒருவன் தனக்குத்தானே விற்று லாபம் சம்பாதிக்க முடியாது. கிளப்புகளுக்கான வரிச்சட்டத்தின் ஆணிவேர் இதுதான். உறுப்பினர்களுக்குப் பரிமாறும் உணவு விற்பனை ஆகாது என்று சென்னையின் இளைஞர் இந்தியச் சங்க வழக்கில் 1970-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கல்கத்தா கிளப் வழக்கில் 2019-ல் அதே தத்துவத்தை மீண்டும் உறுதி செய்தது. ஆனால் வங்கியில் போட்ட வைப்புக்கு வரும் வட்டி இதில் அடங்காது, அதற்கு வருமான வரி உண்டு என்று பெங்களூர் கிளப் வழக்கில் 2013-ல் சொல்லிவிட்டது.

ஜிஎஸ்டி வந்தபின் 2021-ல் சட்டத்தைத் திருத்தி, 2017 ஜூலை முதல் தேதியிலிருந்தே சங்கம் உறுப்பினருக்குச் செய்யும் சேவைக்கும் வரி என்றார்கள். இந்தத் திருத்தம் செல்லாது என்று 2025-ல் கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனவே நிலுவை வரி ஏதும் கிளப்பின் தலைமேல் தொங்குகிறதா என்று கேட்பது அவசியம். வந்தால் அதுவும் பங்காளிகள் பாடுதான். சந்தாவைக் கடைக் கணக்கில் செலவாக எழுதலாமா என்பதை ஆடிட்டரிடம் கேட்டபின் முடிவு செய்யுங்கள்.

முன்பின் தெரியாதவரோடு ஆடும்போது

கோல்ப் மைதானத்தில் நாம் தனியாகப் போனால், வந்திருக்கும் மற்றவர்களோடு சேர்த்து ஓர் அணியாக அனுப்பிவிடுவார்கள். நான்கு மணி நேரம் அறிமுகமில்லாதவரோடு கழிக்க வேண்டும். அதற்கான முறைகள் இவை:

1. குறித்த நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னதாக வந்து, பெயரைச் சொல்லிக் கைகுலுக்குங்கள். ஆட்டத்திறனை உள்ளபடி சொல்லுங்கள். அதைக் குறிக்கும் 'ஹேண்டிகேப்' எண்ணுக்கு 2020 முதல் உலகம் முழுவதும் ஒரே முறை, அதிகபட்சம் 54. புதியவர் என்று சொல்வதில் வெட்கமில்லை.

2. மற்றவர் மட்டையை ஓங்கும்போது பேச்சோ அசைவோ கூடாது. செல்போனை அணைத்துவிடுங்கள். மார்க்கெட் விலை நாலு மணி நேரம் காத்திருக்கும்.

3. குழியைச் சுற்றியுள்ள வழுவழுப்பான புல்லில், அடுத்தவர் பந்து உருளப்போகும் பாதையை மிதிக்காதீர்கள்.

4. மட்டை பட்டுப் பெயர்ந்த புல்லைத் திரும்ப வைத்து மிதியுங்கள். மணற்பள்ளத்தில் நம் காலடியை நாமே வாரிச் சமன்படுத்த வேண்டும். இது பங்காளியின் கடமை.

5. பந்து தொலைந்தால் தேட மூன்று நிமிடம்தான். 2019 வரை ஐந்து நிமிடமாக இருந்தது. பின்னால் வரும் அணி காத்திருந்தால் வழிவிடுங்கள்.

6. பந்து யார் பக்கமாவது பறந்தால் 'ஃபோர்!' என்று உரக்கக் கத்துங்கள். இது மரியாதைக்காக அல்ல, மண்டை உடையாமல் இருக்க.

7. பையைச் சுமந்து வருபவரை அங்கே 'கேடி' என்பார்கள். நம் ஊர்ப் பொருளில் எடுத்துக்கொள்ள வேண்டாம். மைதானத்தின் மேடு பள்ளம் அவருக்கு அத்துப்படி. மரியாதையாகப் பேசி, பேசிய கூலியை அன்றே கொடுத்துவிடுங்கள்.

8. கேட்காமல் ஆட்ட யோசனை சொல்லாதீர்கள். முதல் நாளே சரக்கு பேசாதீர்கள். ஆளைப் பார்த்து நம்பிக்கை வந்தால் வியாபாரம் தானாக வரும்.

உடை பற்றியும் ஒரு வார்த்தை. காலர் வைத்த சட்டை பெரும்பாலும் கட்டாயம். வேட்டிக்குத் தடை போட மட்டும் தமிழ்நாட்டில் இடமில்லை. 2014 ஜூலையில் சென்னையில் ஒரு கிரிக்கெட் கிளப்பில் வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதிக்கே அனுமதி மறுக்கப்பட்டது. அடுத்த மாதமே சட்டமன்றம் இதற்கெனச் சட்டம் இயற்றியது. மீறும் கிளப்பின் உரிமத்தை ரத்து செய்யவும் அதில் வழி உண்டு. மூணாறு கேரளம் என்பதால் இந்தச் சட்டம் அங்கே செல்லாது.

அடுத்தவர் கணக்கை எழுதுவது

போட்டி ஆட்டங்களில் நம் கணக்கை நாம் எழுதுவதில்லை. நம் அடிகளை உடன் ஆடுபவர் எழுதுவார், அவருடையதை நாம் எழுதுவோம். முடிவில் சரிபார்த்து இருவரும் கையெழுத்திட வேண்டும். உண்மையைவிடக் குறைவாக எழுதியதில் கையெழுத்திட்டால் போட்டியிலிருந்தே நீக்கம். அதிகமாக எழுதியிருந்தால் அந்த அதிகமே நிற்கும்.

1968-ல் அமெரிக்காவின் மாஸ்டர்ஸ் போட்டியில் அர்ஜென்டினாவின் ராபர்ட்டோ டி விசென்சோ கடைசி நாளில் 65 அடிகளில் முடித்தார். 17-ஆம் குழியில் அவர் அடித்தது மூன்று. உடன் ஆடியவர் தவறுதலாக நான்கு என்று எழுதிவிட்டார். கூட்டிப் பார்க்காமல் கையெழுத்திட்டார் டி விசென்சோ. 66 என்றே கணக்காகி, பட்டத்துக்காக மீண்டும் ஆடும் வாய்ப்பு போயிற்று. 1925-ல் அமெரிக்க ஓபன் போட்டியில் பாபி ஜோன்ஸ், பந்து லேசாக அசைந்ததைத் தாமாகவே சொல்லி ஓர் அடியைத் தம் கணக்கில் ஏற்றிக்கொண்டார். பட்டம் அவருக்குக் கிடைக்கவில்லை. பெயர் நிலைத்தது.

சிட்டையிலிருந்து பேரேட்டுக்கு ஏற்றும்போது இருமுறை பார்க்கும் நமக்கு இந்த விளையாட்டின் நியாயம் எளிதில் பிடிபடும். முன்பின் தெரியாதவர் நம் கணக்கை நேர்மையாக எழுதுவார் என்ற நம்பிக்கையில்தான் ஆட்டமும் நடக்கிறது, மண்டியில் கடனும் நடக்கிறது.

ஆகவே சேர விரும்பும் உறுப்பினர்கள் மூன்று ஆண்டு ஐந்தொகை, சட்டதிட்டப் புத்தகம், நிலப் பத்திர விவரம், வழக்கு விவரம் ஆகிய நான்கையும் முதலில் கேட்டு வாங்குங்கள். பிறகு ஒருநாள் விருந்தினராகப் போய் ஆடிப் பாருங்கள். கணக்கைக் காட்டத் தயங்கும் கிளப் எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இந்தக் கேள்விகளை நம் வணிகர் சங்கப் பொதுக்குழுவிலும் கேட்கலாம். இங்கும் நாம் வாடிக்கையாளர்கள் அல்ல, பங்காளிகள்தான்.