நஞ்சு, நச்சுயிரி, நஞ்சுக்கொடி

நான் கல்லூரியில் படித்த நாட்களில், பெரும்பாக்கத்திலிருந்து மேடவாக்கம் வழியாகத் தாம்பரம் போய், அங்கே பஸ் மாறி 'சானடோரியம் ஒண்ணு' என்று டிக்கெட் கேட்டால் பக்கத்து சீட்காரர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொள்வார். காசநோய்க்காக 1928இல் டாக்டர் சௌரி முத்து தொடங்கிய மருத்துவமனை பின்னாளில் எச்.ஐ.வி. நோயாளிகளைப் பெருமளவில் ஏற்றுக்கொண்டது. அதனால் ஓர் இடத்தின் பெயரே தீட்டானது. அந்தத் தள்ளி உட்காரலில் ஒரு கதையாடல் ஒளிந்திருக்கிறது: நாம் தூயவர், நோய் 'மற்றவர்' கொண்டுவருவது.

1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும், காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த பாலியல் தொழிலாளிகளின் ரத்தத்தைச் சேகரித்தார்கள். வேலூர் சி.எம்.சி.யில் சோதித்தபோது இந்தியாவில் முதன்முறையாக எச்.ஐ.வி. தெரியவந்தது. தேடிய இடத்தில் கிடைத்தது, அவ்வளவுதான். நம் பொதுப்புத்தியோ கிடைத்த இடத்தையே பிறந்த இடமாக வாசித்தது.

சரி, பிறந்த இடம்தான் எது?

அதற்கு முதலில் ரெட்ரோவைரஸ் எழுதும் முறையைப் பார்க்க வேண்டும். அதனிடம் இருப்பது ஆர்.என்.ஏ. செல்லுக்குள் நுழைந்ததும் அதை டி.என்.ஏ.வாகத் திருப்பி எழுதி, செல்லின் டி.என்.ஏ.வுக்குள்ளேயே செருகிவிடுகிறது. இப்படித் திருப்பி எழுதும் நொதியை 1970இல் டெமினும் பால்டிமோரும் தனித்தனியே கண்டார்கள். ஏடு பெயர்த்தெழுதுபவரைப் போல அது பிழை விடும், ஆனால் திருத்தாது. எனவே பாடபேதங்கள் பெருகுகின்றன. ஒரே செல்லில் இரண்டு வைரஸ்கள் சந்தித்தால் இரண்டு ஏடுகளும் கலந்து புதுப்பாடம் உண்டாகும். இவற்றில் ஏதோ ஒன்று வேறொரு விலங்கின் உடம்புக்குப் பொருந்திப்போகிறது. உயிரினம் தாண்டுவது இப்படித்தான்.

உலகெங்கும் பரவிய எச்.ஐ.வி.-1, தென்கிழக்குக் கேமரூனின் சிம்பன்சிகளிடமிருந்து, பெரும்பாலும் வேட்டையில் சிந்திய ரத்தத்தின் வழியாக, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தை ஒட்டி மனிதருக்கு வந்தது. காலனிய ஆட்சியில் வளர்ந்த கின்ஷாசா நகரில் அது பெருகியது. எச்.ஐ.வி.-2 வந்தது மேற்கு ஆப்பிரிக்க மாங்கபே குரங்கிடமிருந்து. அப்போ சிம்பன்சிதான் மூலமா? அதுவும் இல்லை. சிம்பன்சியின் வைரஸே, அது வேட்டையாடித் தின்ற வெவ்வேறு குரங்கினங்களின் வைரஸ்கள் கலந்து உருவானது. மூலத்தைத் தோண்டத் தோண்டக் கலப்புதான் கிடைக்கிறது.

இன்னொன்றும் நடக்கும். வைரஸ் விந்திலோ கருமுட்டையிலோ செருகிக்கொண்டால் அது பிள்ளைக்கும் பேரனுக்கும் சொத்தாகப் போகும். ஆஸ்திரேலியாவின் கோலாக்களிடம் இது நம் கண்முன்னே நடந்துகொண்டிருக்கிறது. நமக்கு எப்போதோ நடந்து முடிந்தது: மனித மரபணுத் தொகுதியில் சுமார் 8 சதவீதம் பழைய ரெட்ரோவைரஸ்களின் எச்சம். அவற்றில் ஒன்றின் உறைப் புரதம்தான் இன்று 'சின்சிட்டின்' என்ற பெயரில், நஞ்சுக்கொடியின் செல்களை ஒன்றிணைத்துத் தாய்க்கும் சிசுவுக்கும் இடையிலான படலத்தை உருவாக்க உதவுகிறது.

வைரஸ் என்ற லத்தீன் சொல்லுக்கு நஞ்சு என்று பொருள். தமிழில் நச்சுயிரி என்றோம். பிரசவம் பார்த்த கிழவிகள் 'நஞ்சு விழுந்துச்சா?' என்று கேட்டது வேறு நஞ்சை. இரண்டு நஞ்சும் உறவுதான் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

இதனால் வைரஸைக் கொண்டாடச் சொல்லவில்லை. எச்.ஐ.வி. கொன்றிருக்கிறது, அந்தத் திருப்பி எழுதும் நொதியைத் தடுக்கும் மாத்திரைகள் இன்று பலரை வாழவைக்கின்றன. கேள்வி வேறு. பஸ்ஸில் தள்ளி உட்கார்ந்தவர் எந்தத் தூய்மையைக் காப்பாற்றிக்கொண்டார்? அவரும் ஒரு நஞ்சுக்கொடியில் வளர்ந்து வந்தவர்தானே.